கீழ்ப்படிக்கும் நல்ல மரம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் தலைவாசல் கதவுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கதவில் கஜலட்சுமி செதுக்குவதா மயில் செதுக்குவதா, எந்தத் திசைக்கு எத்தனை அடி அகலம், பாலிஷ் பளபளப்பாக இருக்க வேண்டுமா மங்கலாக இருக்க வேண்டுமா, டிஜிட்டல் பூட்டில் எது நல்லது என்று எல்லாமே இருந்தது. ஆனால் அந்தக் கதவும் நிலையும் எதன்மேல் நிற்கிறதோ அந்தக் கீழ்ப்படியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கட்டுரை எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன், இந்த ஊரில் வீடு கட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் யோசிக்கிறார்கள். கதவுக்கு லட்சக் கணக்கில் செலவு செய்துவிட்டு, கீழ்ப்படிக்கு மிச்சம் இருந்த கட்டையைப் போடச் சொல்கிறார்கள். மழையும், வாசல் கழுவும் தண்ணீரும், செருப்புக் காலும், கரையானும் முதலில் வந்து சேரும் இடம் அந்தக் கட்டைதான்.

நான் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில், வார்ப்படத்துக்கு மர அச்சு செய்யும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மரம் சுருங்குவதையும் வளைவதையும் பார்த்தே காலம் போனது. இப்போது லிங்கராஜபுரம், ஜீவனஹள்ளி, ராமமூர்த்தி நகர் பக்கம் நம் ஆட்கள் வீடு கட்டும்போது "அண்ணா, ஒரு தடவை வந்து பாருங்கள்" என்று கூப்பிடுவார்கள், போவேன். அப்படிப் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் வீடுகளின் அமைப்பைச் சொல்ல வேண்டும். இருபதுக்கு முப்பது அடி மனையிலோ முப்பதுக்கு நாற்பது அடி மனையிலோ மூன்று மாடி எழுப்புகிறோம், ஒவ்வொரு மாடியிலும் ஒரு வாடகைக் குடும்பம், வெளிப்பக்கமாகப் படிக்கட்டு, அந்தப் படிக்கட்டைப் பார்த்தபடி கதவு. ஊரில் இருப்பது மாதிரி திண்ணையும் தாழ்வாரமும் கிடையாது, கதவுக்கு மேலே சஜ்ஜா என்று கான்கிரீட்டை ஒன்றரை அடி நீட்டியிருப்பார்கள், காற்றோடு வரும் மழைக்கு அது போதாது. ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் இடியும் ஆலங்கட்டியுமாக அடிக்கிற மழை சாய்வாகத்தான் வரும். ஜூனிலிருந்து காற்று தென்மேற்கு, அக்டோபருக்கு மேல் வடகிழக்கு, ஆகவே கிழக்கு வாசல், மேற்கு வாசல் இரண்டுமே ஏதாவது ஒரு பருவத்தில் நனையும். இந்த ஊரில் மழை அதிகம் பெய்வது செப்டம்பரிலும் அக்டோபரிலும், அப்போது வெயிலும் குறைவு, நனைந்த மரம் காயவே விடாது.

நனைந்தால் என்ன, தேக்குதானே என்று கேட்பார்கள். மரம் நனைவதால் மட்டும் கெடாது, நனைந்து காயாமல் இருப்பதால் கெடும். மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளராது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் நம்பி நடக்கும் கணக்கு. அதைத் தாண்டி வாரக் கணக்கில் ஈரமாகவே கிடந்தால்தான் உளுப்பு ஆரம்பிக்கும். அதிலும் மரத்தின் பக்கவாட்டு முகம் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும், குறுக்கே அறுத்த முனை அப்படியல்ல. அந்த முனை உறிஞ்சுகுழல்களைக் கட்டி நிறுத்தியது போல, தொட்ட தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நிலைக்கால்கள் இரண்டும் அந்த முனையை வைத்துத்தான் கீழ்ப்படிமேல் உட்கார்ந்திருக்கின்றன. படி தட்டையாக இருந்து தண்ணீர் தேங்கினால் முதலில் குடிப்பது நிலைக்காலின் அடி. அதனால்தான் பல வீடுகளில் கதவு புதிதாகவே இருக்கும், நிலைக்காலின் அடியில் ஒரு சாண் மட்டும் பெயிண்ட் உப்பி, விரலால் அழுத்தினால் உள்ளே போகும்.

என் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. இரண்டாவது மாடி, கிழக்கு வாசல், செதுக்கு வேலை நிறைந்த பர்மா தேக்குக் கதவு. சில வருஷத்திலேயே கீழ்ப்படி தூள் தூளாக வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் படி தேக்கே இல்லை, சில்வர் ஓக்கில் தேக்குச் சாயம் அடித்து வைத்திருக்கிறார்கள். குடகிலும் சிக்மகளூரிலும் காபித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கிற மரம் அது, வீட்டுக்குள் அலமாரி செய்யலாம், மழைபடும் இடத்துக்கு ஆகவே ஆகாது. கட்டிக்கொடுத்தவரின் ஆளிடம் கேட்டதற்கு, "கீழ இருக்கிற கட்டையை யாரு சார் பார்க்கப் போறாங்க?" என்றாராம். அந்த வீட்டுக்கார அம்மா வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீடு. எனக்கு அந்தப் பதிலைக் கேட்டதும் வந்த கோபம் இன்னும் போகவில்லை, இந்தக் கடிதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனைக்கும் அந்தக் கட்டைக்கு எவ்வளவு மரம் வேண்டும்? நீங்களே கணக்குப் போடுங்கள். அங்குலத்தில் அகலம், அங்குலத்தில் கனம், அடியில் நீளம், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 6 அங்குல அகலம், 3 அங்குலக் கனம், நாலரை அடி நீளம் என்றால் 0.56 கன அடி. நிலைக்கால் இரண்டும் மேல்கட்டையும் 5-க்கு 3 அளவில் ஏறத்தாழ இரண்டு கன அடி வரும். கதவுக்கும் நிலைக்கும் வாங்குகிற மொத்த மரத்தில் படியின் பங்கு அவ்வளவுதான். அதில் போய்ச் சிக்கனம் பிடிக்கிறோம். சிக்கனம் வேண்டுமென்றால் மேல்கட்டைக்குச் சுமாரான மரம் போடுங்கள், அது தண்ணீரைப் பார்ப்பதே குறைவு. இருப்பதில் நல்ல துண்டு கீழே போக வேண்டும்.

நல்ல துண்டு எது என்றால், முழுக்க வைரம் பாய்ந்ததாக இருக்க வேண்டும். தேக்கு பூச்சிக்கும் பூஞ்சைக்கும் தாங்கும் என்பதெல்லாம் அதன் வைரக்கட்டைக்குத்தான் பொருந்தும். ஓரத்தில் வெளிறிக் கிடக்கிற வெள்ளைக்கு அந்தக் குணம் கிடையாது, அது தேக்காகவே இருந்தாலும் கரையானுக்குச் சாப்பாடுதான். கட்டையின் ஒரு மூலையில் கொஞ்சம் வெள்ளை இருந்தால் பரவாயில்லை, சாயம் போட்டால் தெரியாது என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் படுத்திருக்கின்றனவா நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மரம் வளையங்களின் ஓட்டத்தில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே கோடுகள் படுத்திருக்கும் பலகை காயக் காய ஒருபக்கம் குழியும், நிமிர்ந்திருக்கும் பலகை அவ்வளவாகக் குழியாது, மேலே நடந்து நடந்து தேயும்போதும் ஒரே சீராகத் தேயும். மரத்தின் நட்டநடு மையம் கட்டைக்குள் வந்தால் அது கட்டாயம் வெடிக்கும், அதைத் தள்ளிவிடுங்கள்.

மைசூர் ரோட்டில் டிம்பர் யார்டு லேஅவுட்டுக்கு உங்கள் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு நேரில் போய் எடுங்கள், போனில் சொல்லி வரவழைக்காதீர்கள். தேக்குதானா என்று சந்தேகம் இருந்தால், மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மரத்துண்டைக் கொடுத்தால் என்ன மரம் என்று பார்த்துச் சொல்லும் ஏற்பாடு அங்கே உண்டு. எத்தனையோ பேருக்கு இது தெரியாது.

தேக்குதான் வேண்டும் என்பதும் இல்லை. வேங்கை நன்றாகத் தாங்கும், கர்நாடகத்தில் ஹொன்னே என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் ஒன்று, வேங்கையில் தண்ணீர் பட்டால் சாயம் இறங்கும், வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிக்கிறவர்களுக்கு அது தெரியும். படிக்குக் கீழே வெள்ளைச் சுவரோ வெளிர் நிறக் கல்லோ இருந்தால் மஞ்சள் பழுப்பாகக் கறை வழியும், கொஞ்ச நாளைக்கு வெளியில் நனையவிட்டு அப்புறம் எண்ணெய் பூச வேண்டும். பலாவின் வைரக்கட்டையும் நல்லது, ஊரில் சொந்தமாக வேம்பு வெட்டி உலர்த்தி வைத்திருந்தால் அதையும் போடலாம். ரப்பர் மரம், மாமரம் வேண்டாம்.

அடுத்தது வடிவம். இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நல்ல மரத்தைப் போட்டு வடிவத்தில் கோட்டைவிடுகிற வீடுகள் அதிகம். நம் வீட்டுத் தலைவாசல் கதவு உள்பக்கமாகத் திறக்கும். ஆகவே 6 அங்குல அகலப் படியில் உள்பக்கம் ஒன்றரை அங்குலத்துக்குக் கதவின் கனம் உட்காரும் அளவுக்கு அரை அங்குல ஆழத்தில் காடி, அதாவது நெடுக ஒரு பள்ளம், எடுக்க வேண்டும். காடி முடியும் இடத்தில்தான் படி தன் முழு உயரத்தோடு நிற்கும், அங்கிருந்து வெளிப்பக்கம் மிச்சமுள்ள நாலரை அங்குலமும் சரிவு. எவ்வளவு சரிவு என்றால் எட்டுக்கு ஒன்று, அதாவது நாலரை அங்குலத்துக்கு அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. காலுக்கு அது சரிவு என்றே தெரியாது, தண்ணீர் நிற்காது. இதைவிடச் சரித்தால் வயசானவர்களுக்கு வழுக்கும், குறைத்தால் பெயிண்டின் மேடு பள்ளத்திலேயே தண்ணீர் நின்றுவிடும்.

சரிவு எடுப்பது கஷ்டமான வேலையும் இல்லை. கட்டையின் இரண்டு முனையிலும் சாய்மட்டத்தால் கோடு போட்டு, வெளிமுகத்தில் நெடுக ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு வரைக்கும் குறுக்கே பல இடங்களில் ரம்பத்தால் கீறிவிட்டு, உளியால் பெயர்த்து, கடைசியில் இழைப்புளி போட்டால் முடிந்தது. இப்போது எல்லோரிடமும் எலெக்ட்ரிக் இழைப்புளி இருக்கிறது, அரைமணி நேர வேலை. ஆனாலும் நீங்கள் சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள், ஏனென்றால் நிலைக்காலின் அடியையும் அதே சரிவுக்கு அறுத்துப் பொருத்த வேண்டியிருக்கும், அதுதான் கையை இழுக்கிற வேலை.

படியின் வெளிமுனை சுவரையோ கீழே உள்ள கல்லையோ தாண்டி ஒரு அங்குலமாவது வெளியே நீட்ட வேண்டும். நீட்டினால் மட்டும் போதாது. தண்ணீர் விளிம்பில் சொட்டிவிடும் என்று நினைப்போம், அது மரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஊர்ந்து போய்ச் சுவருக்குள் இறங்கும். அதைத் தடுக்க அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து 12 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, 6 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் ஆழமுமாக நெடுக ஒரு காடி இழுக்க வேண்டும். ஊர்ந்து வருகிற தண்ணீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். கான்கிரீட் சஜ்ஜாவின் அடியில் கம்பியோ கயிறோ வைத்து மேஸ்திரிகள் கோடு எடுப்பது இதற்காகத்தான், மரத்துக்கு மட்டும் ஏன் மறந்துவிட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. படி பொருத்தியபிறகு இந்தக் காடியை எடுக்கவே முடியாது, பட்டறையில் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும்.

கதவில் வழிகிற தண்ணீரையும் யோசிக்க வேண்டும். மழைச்சாரல் கதவின் முகத்தில் பட்டு வழிந்து அடிக்கு வந்தால், காடி வழியாக நேரே வீட்டுக்குள் வரும். கதவின் வெளிமுகத்தில், அடியில், இரண்டு அங்குலம் வெளியே நீட்டின மாதிரி ஒரு சரிவுக் கட்டையைப் பதித்துவிட்டால் தண்ணீர் படியின் சரிவில் விழுந்து ஓடிவிடும். கட்டையின் அடியிலும் ஒரு சொட்டுக் காடி, படிக்கும் அதற்கும் நடுவே 6 மில்லிமீட்டர் இடைவெளி, நிலைக்கால் இரண்டுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடக் கொஞ்சம் குட்டையாக. செதுக்கு வேலைக் கதவில் அது அசிங்கமாக இருக்கும் என்று சிலர் தவிர்க்கிறார்கள். அதே அகலத்துக்கு ஒரு தாமரை இதழ் வரிசையைச் செதுக்கச் சொல்லுங்கள், அழகாகவே இருக்கும்.

நிலைக்காலும் படியும் சேரும் இணைப்பு இன்னொரு தலைவலி. படியில் துளை எடுத்து, நிலைக்காலின் அடியில் ஒடுக்கிச் செதுக்கிய கூர்முனையை அதில் இறக்கி, மூங்கில் ஆணி அடிப்பது நல்ல முறைதான், நூறு வருஷ வீடுகள் அப்படித்தான் நிற்கின்றன. ஆனால் திண்ணையும் தாழ்வாரமும் அந்த வீடுகளைக் காப்பாற்றின. நம் வெளிப்படிக்கட்டு வாசலில் அந்தத் துளைக்குள் தண்ணீர் இறங்கினால் தேங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே துளையின் அடியிலிருந்து கீழ்நோக்கி, வெளிப்பக்கம் சாய்ந்தபடி 6 அல்லது 8 மில்லிமீட்டரில் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள், இறங்கின தண்ணீர் வெளியே வந்துவிடும். கூர்முனையின் எல்லாப் பக்கமும், துளையின் உள்பக்கமும், நிலைக்காலின் அடிவெட்டும் இரண்டு தடவை எபாக்ஸி பூசிக் காய்ந்தபிறகுதான் பொருத்த வேண்டும். சுவருக்குள் போகிற படியின் இரண்டு கொம்புகளுக்கும் அப்படித்தான், அதற்குமேல் தார் பெயிண்டும் அடிக்க வேண்டும். ஸ்க்ரூ போடுவதாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும், இரும்பு துருப்பிடித்து மரத்தைக் கறுப்பாக்கும்.

சரி, இவ்வளவும் ஒழுங்காகச் செய்து ரசமட்டம் வைத்துப் பார்த்து நிலையை நிறுத்தியாயிற்று. அதற்கப்புறம் டைல்ஸ் போடுகிறவர் வருவார். என் அனுபவத்தில் கீழ்ப்படிகள் அதிகமாகப் பாழாவது அந்த நாளில்தான். வெளியே படிக்கட்டு மேடையில் இரண்டு அங்குலம் கலவை கொட்டி, அதன்மேல் டைல் ஒட்டி, படியின் முன்பக்கத்தைப் பாதி புதைத்துவிட்டு, இடுக்கில் வெள்ளை சிமெண்ட் பூசிவிட்டுப் போய்விடுவார். நீட்டிய விளிம்பும் சொட்டுக் காடியும் கலவைக்குள் போய்விட்டன, இனி அந்த மரம் மூன்று பக்கமும் ஈரச் சிமெண்டில்தான் இருக்கும். இதைத் தவிர்க்க நிலை நிறுத்துவதற்கு முன்பே தரைமட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். உள்ளே தரை, காடியின் அடிமட்டத்துக்குச் சமமாக வரட்டும். வெளியே தரை, படியின் அடியிலிருந்து ஒரு அங்குலமாவது கீழே இருக்கட்டும். அப்படியென்றால் உள்ளுக்கும் வெளிக்கும் மூன்றரை அங்குலமாவது வித்தியாசம் வேண்டும், டைல், கலவை எல்லாம் சேர்த்து முடிந்தபிறகு மூன்றரை அங்குலம். மேடையும் வாசலைவிட்டு வெளியே சரிந்திருக்க வேண்டும். கூரைத்தளம் போடும்போதே படிக்கட்டு மேடையை இறக்கிப் போடச் சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை, பிற்பாடு ஒன்றும் செய்ய முடியாது.

படியை ஈரக் கலவையில் அழுத்தி உட்கார வைக்கவும் கூடாது. அடியில் நம்ம சாதரஹள்ளிக் கருங்கல்லை மட்டம் பார்த்துப் போட்டு, அதன்மேல் தார் ஃபெல்ட் ஒரு பட்டை விரித்து, கெட்டி பிளாஸ்டிக் துண்டுகள் சிலவற்றை வைத்து அதன்மேல் படியை உட்கார வையுங்கள். உள்பக்க இடுக்கை மட்டும் சிலிகான் போட்டு அடையுங்கள். வெளிப்பக்க இடுக்கை அப்படியே விட்டுவிட வேண்டும். எல்லோரும் வெளியே அடைத்துவிட்டு உள்ளே விட்டுவிடுகிறார்கள், அடைத்தால் தண்ணீர் போகாது என்ற நினைப்பில். எப்படியும் கொஞ்சம் போகும், போனது வெளியே வர வழி இருக்க வேண்டும், காற்றும் பட வேண்டும்.

இந்த உயரக் கணக்கில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் படி தரையிலிருந்து அரை அங்குலம்தான் எழும்பியிருக்கும். வாக்கர் வைத்து நடக்கிற பாட்டிகளுக்கும், தவழ்ந்து வருகிற குழந்தைக்கும் அது தடுக்காது. மூன்று அங்குலம் உயர்ந்த படிதான் லட்சணம் என்று சொல்லி, பிறகு அந்த வீட்டுப் பெரியவரே தடுக்கி விழுந்ததையும் பார்த்திருக்கிறேன்.

மேல்பூச்சுக்கு வருவோம். பாலியூரிதேன் பளபளப்பு கதவுக்குச் சரி, படிக்கு வேண்டாம். செருப்புப் படுகிற இடத்தில் அது கீறும், கீறலுக்குள் தண்ணீர் போய்ப் படலத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், பார்க்க மேலே பளபளவென்று இருக்கும். வெறும் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று பூச்சுப் பூசுங்கள், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபிறகு அடுத்தது. வருஷத்துக்கு ஒரு தடவை மே மாதத்தில் சுத்தமாகத் துடைத்து, காயவிட்டு, இன்னொரு பூச்சு. வீட்டில் உள்ளவர்களே செய்துகொள்ளலாம். ஒரு எச்சரிக்கை, எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறம் எறியுங்கள். போராக்ஸ் கரைசலைப் பூசினால் கரையான் வராது என்று சிலர் சொல்வது மழைபடாத இடத்துக்குப் பொருந்தும், வெளியே மழையில் கரைந்து போய்விடும். கரையானுக்குக் கட்டடம் எழும்பும்போதே மண்ணுக்கு மருந்து அடிப்பதுதான் முறை, அதற்கென்று ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலையே இருக்கிறது, ஒப்பந்தத்தில் அந்த எண்ணைப் போட்டு எழுதி வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை படி கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, என் வீட்டிலும் உண்டு. கழுவினால் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பூசுங்கள், அவ்வளவுதான். ஆனால் சிக்பேட்டையில் வாங்கிவந்து படியின் மேல்முகத்தில் அடிக்கிற பித்தளைத் தகடு வேண்டாம், இப்போது புதிதாக வந்திருக்கும் கோலம் போட்ட பிளாஸ்டிக் ஸ்டிக்கர் சுத்தமாக வேண்டாம். இரண்டுமே அடியில் ஈரத்தைப் பிடித்துவைக்கும், உளுத்தபிறகுதான் தெரியும். பித்தளை ஆசை இருந்தால் உள்பக்க முகத்தில், மழைபடாத இடத்தில் அடியுங்கள். வாசக்கால் வைக்கும் பூஜையில் நவதானியத்தைப் படிக்கு அடியில் போடுகிற வழக்கம் உள்ளவர்கள், நாணயத்தையும் ஐம்பொன்னையும் கீழே வைத்து, தானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து மேல்கட்டையில் கட்டலாம். தானியம் ஈரத்தில் முளைக்கும், எறும்பையும் பூச்சியையும் கூப்பிடும். சில வீட்டில் புரோகிதரிடமே கேட்டோம், தாராளமாகச் செய்யுங்கள் என்றுதான் சொன்னார்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்காரர்கள் என்ன செய்வது? இந்த வாரமே ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, படியின் இரண்டு மூலையிலும் நிலைக்காலின் கீழ்ப்பக்கம் அரை அடி உயரத்துக்கும் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் உளுத்திருக்கிறது. படி மட்டும் போயிருந்தால் நிலையைப் பெயர்க்க வேண்டியதில்லை. நிலைக்கால் ஓரமாகப் படியை அறுத்து எடுத்துவிட்டு, கொம்பு இல்லாத புதுப்படியை இரண்டு காலுக்கும் நடுவே இறுக்கமாகத் தள்ளி, சாய்வாக ஸ்க்ரூ போட்டு, ஸ்க்ரூ தலையை மரக்குமிழால் மூடலாம். நிலைக்காலின் அடியும் போயிருந்தால் நல்ல மரம் வருகிற உயரம் வரை அறுத்து, புதுத் துண்டைச் சாய்வெட்டாக ஒட்டவைக்க வேண்டும், சாய்வு வெளியே இறங்குகிற மாதிரி. எம்சீல் மாதிரிப் பசையை உளுப்புக்குமேல் அப்பிப் பெயிண்ட் அடிப்பதால் பணம்தான் போகும், உளுப்பு உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

இப்போது வேலைக்கு வருகிற ஆசாரிகளில் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் நிறையப் பேர், கைவேலை அருமையாக வருகிறது. நமக்கு இந்தி அரைகுறை, அவர்களுக்குத் தமிழோ கன்னடமோ அரைகுறை. வாயால் சொல்லாதீர்கள், ஒரு பிளைவுட் துண்டில் படியின் குறுக்குவெட்டை முழு அளவில் பென்சிலால் வரைந்து கொடுங்கள். காடி, சரிவு, நீட்டிய விளிம்பு, அடிக்காடி நாலும் அதில் தெரியும், அளவும் எழுதிவிடலாம். நான் அப்படி வரைந்து கொடுத்த எல்லா இடத்திலும் சரியாகவே செய்து கொடுத்தார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் குறுக்குவெட்டுப் படத்தை ஒரு பெரிய தாளில் வரைந்து இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். கடிதத்தைச் சுருக்கிப் போட்டாலும் பரவாயில்லை, படத்தை அளவுகளோடு தெளிவாகப் போடுங்கள், ஜூன் மழைக்கு முன்பே வந்தால் இப்போது நிலை வைக்கப் போகிறவர்களுக்கு உதவும். மாடிப் படிக்கட்டு மேடையை எத்தனை அங்குலம் இறக்க வேண்டும் என்பதையும் படத்துக்குக் கீழே மறக்காமல் அச்சிடுங்கள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மர அச்சுத் தொழிலாளி ஒருவர்,
ஜீவனஹள்ளி, பெங்களூரு.